லெனார்ட் வூல்ஃப்: நல்ல அதிகாரியா, நன்றாக எழுதத் தெரிந்த அதிகாரியா?

வல்லைவெளி:

முகநூலில் ஒரு பதிவு ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுற்றி வருகிறது. "ஏகாதிபத்தியத்தை வெறுத்து இலங்கைப் பதவியைத் தூக்கி எறிந்த வெள்ளைக்காரர்" என்று லெனார்ட் வூல்ஃபின் படத்தைப் போட்டுப் பகிர்கிறார்கள். வர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்பதால் இலக்கியக்காரர்களும் சேர்ந்து கைதட்டுகிறார்கள்.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். மனிதர் 1904 டிசம்பரில் கொழும்பில் இறங்கினார், 1911 மே மாதம் விடுமுறையில் கப்பல் ஏறினார். ஆறரை ஆண்டு. யாழ்ப்பாணம், இடையில் கொஞ்ச நாள் மன்னார், பிறகு கண்டி, கடைசியில் அம்பாந்தோட்டை. அந்த ஆறரை ஆண்டும் அவர் வேலையை வெறுத்தவராகத் தெரியவில்லை. வேலைப் பைத்தியமாகத்தான் இருந்திருக்கிறார். விடுமுறை முடியும் நேரத்தில், "சொந்தக் காரியம்" என்று சொல்லி மேலும் நாலு மாதம் கேட்டார். என்ன காரியம் என்று காலனித்துவ அலுவலகம் கேட்டது. சொல்ல மறுத்தார், 1912 மே மாதம் விலகினார். கடிதத்தில் கொள்கைப் பிரகடனம் ஒன்றும் கிடையாது.

அவரை ஒரு நிர்வாகியாக மட்டும் எடைபோட்டால் எப்படி? இலங்கையை வைத்து அவர் எழுதிய 'தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்' நாவலையும் மனைவியையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசலாமா?

நிலா_சேலம்:

எனக்கு அடிப்படையே தெரியாது, அதனால் கேட்கிறேன். இவர் நம்ம ஊர் கலெக்டர் மாதிரியா? ஐசிஎஸ் அதிகாரியா?

வல்லைவெளி:

ஐசிஎஸ் இல்லை நிலா. இலங்கைச் சிவில் சேவை தனி. ஆனால் தேர்வு ஒன்றுதான். லண்டன் செயலகம், இந்தியா, காலனிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை நடக்கும், தரவரிசைப்படி இடம் பிரிப்பார்கள். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்த வூல்ஃப் 1904இல் 69ஆவது இடம். லண்டனில் உருப்படியான வேலைக்கு அது போதாது, இந்தியாவுக்கு வயது தாண்டிவிட்டது. மிஞ்சியது இலங்கை, மலாயா, ஹாங்காங் பக்கம் அனுப்பும் கீழைத்தேயப் பயிலுநர் பதவி. இலங்கையைக் கேட்டு வாங்கினார். வந்திறங்கும்போது வால்டேரின் நூல்கள் தொண்ணூறு தொகுதியும் சார்லஸ் என்ற நாயும் கூட வந்தன.

மாகாணத்துக்கு ஒரு அரசாங்க அதிபர். அவருக்குக் கீழே மாவட்டத்துக்கு உதவி அரசாங்க அதிபர். உங்கள் கலெக்டர், சப் கலெக்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குக் கீழே யாழ்ப்பாணத்தில் மணியகாரர், உடையார், விதானையார் என்று இறங்கும். தென்னிலங்கையில் முதலியார், அவருக்குக் கீழே ஊர்த் தலைமைக்காரர்கள். வெள்ளைக்காரர் மேலே ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள்.

ஓய்வுக் குமாஸ்தா:

பிள்ளைகளே, நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், முப்பது வருடத்துக்கு மேல் பேனா பிடித்தவன். எனக்கு இந்த மனிதரில் பிடித்ததும் பிடிக்காததும் ஒரே விஷயம்தான். யாழ்ப்பாணக் கச்சேரியில் இவர் ஒரு விதி போட்டார்: இன்று வந்த கடிதத்துக்கு இன்றே பதில் போக வேண்டும். 1906 வாக்கில் இது எப்படி இருந்திருக்கும் என்று கச்சேரி வாசம் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். கோப்பைத் தேடுவது ஒரு வேலை. விதானையாரிடம் அறிக்கை கேட்பது ஒரு வேலை. மணியகாரர் கைக்கு அது வந்து சேர்வது இன்னொரு வேலை. இதையெல்லாம் ஒரு நாளில் முடி என்றால் குமாஸ்தா என்ன செய்வான்? முதலில் வெறுத்தார்கள், பிறகு தங்களுக்கே வேலை குறைந்ததைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள் என்கிறார் வூல்ஃப். அதை அவர்தான் சொல்கிறார். குமாஸ்தாக்களின் சுயசரிதை ஒன்றும் அச்சில் இல்லையே.

ஆனால் ஒன்று. அங்கே அதிபராக இருந்த பிரைஸ் வேலையை விரும்பாதவர். முடிந்த மட்டும் எல்லாவற்றையும் இந்த இளைஞன் தலையில் கட்டிவிட்டார். 25 வயதில் ஒரு மாகாணக் கச்சேரியே கைக்குள் வந்தால் யாருக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்யும்.

தென்மராட்சியான்:

தலைக்கனம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டீர்கள் ஐயா. சாட்டை விவகாரத்தை ஏன் விட்டீர்கள்?

தெரியாதவர்களுக்காக: யாழ்ப்பாணம் பிரதான வீதியில் பிரைஸும் வூல்ஃபும் குதிரையில் போகிறார்கள். பின்னால் ஒரு தமிழ் வழக்கறிஞர் குதிரை வண்டியில் வருகிறார். வூல்ஃப் தன் முகத்தில் வேண்டுமென்றே சாட்டையால் அடித்தார் என்று அந்த வழக்கறிஞர் குற்றம் சாட்டினார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் ஆளுநர் வரைக்கும் முறையிட்டது. வூல்ஃப் சொன்ன பதில்: வீதிக்குள் நீட்டிக் கட்டியிருந்த ஒரு விறாந்தையைப் பிரைஸுக்குக் காட்டச் சாட்டையை நீட்டினேன், வேறொன்றும் இல்லை. மேலிடம் அவர் பக்கம் நின்றது. வேறு எந்தப் பக்கம் நிற்கும்?

வல்லைவெளி:

அதோடு கதை முடியவில்லை. எண்பது வயதில் சுயசரிதை எழுதும்போது அவர் அதைத் திரும்ப எடுக்கிறார். அடிக்கவில்லை என்பதில் உறுதியாக இருக்கிறார். ஆனால் ஊரின் பிரதான வீதியில் தாங்கள் குதிரை மேல் உட்கார்ந்து கொண்டு யார் வீட்டு விறாந்தை எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று சாட்டையால் காட்டியதே முகத்தில் அடித்ததுக்குச் சமம்தான் என்கிற அளவுக்கு வருகிறார். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை.

தென்மராட்சியான்:

ஐம்பது வருடம் கழித்து வந்த ஞானம். முறையிட்ட சங்கத்துக்கு அதனால் என்ன பயன்?

மதுரைக்காரன்:

மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பைப் பற்றியும் பேசுங்கள். எங்கள் பக்கம் கீழக்கரையிலிருந்து எல்லாம் குளியாளிகள் போன இடம் அது. 1906இல் வூல்ஃப் அங்கே முகாமில் இருந்தார். ஆளே இல்லாத மணல் கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைக்கும். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக்காரர்கள், தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழர்களும் முஸ்லிம்களும், வியாபாரிகள், வட்டிக்காரர்கள், போலீஸ் என்று ஆயிரக்கணக்கில் கூடும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவனுக்கு. மீதி சிப்பியை அங்கேயே ஏலம் விடுவார்கள். அழுகும் சிப்பியின் நாற்றம் மைல் கணக்கில் வீசும். அதற்குள்தான் இரவு பகலாக வேலை.

இவ்வளவு கூட்டத்தையும் கட்டி மேய்க்க வெள்ளைக்காரர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். அரபுக்காரர்கள் முண்டியடித்தால் கைத்தடியால் தட்டி ஒதுக்குவார்களாம், அவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். ஆனால் தமிழர் மேல் தடி வைக்கத் தோன்றியதே இல்லை என்று எழுதுகிறார் வூல்ஃப். அரபுக்காரன் தன்னைச் சமமான மனிதனாகப் பார்த்தான், தமிழர்கள் அப்படிப் பார்க்கவில்லை என்று காரணமும் சொல்கிறார்.

இதைப் பாராட்டு என்று எடுப்பதா, வசை என்று எடுப்பதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

தென்மராட்சியான்:

அடி வாங்கியவனைப் பாராட்டி, அடி வாங்காதவனைக் குறை சொல்லும் ஆள். நல்ல கணக்கு.

நிலா_சேலம்:

கண்டியில் என்ன செய்தார்?

வல்லைவெளி:

கண்டி ஒரு வருடம்தான், 1907 ஆகஸ்டிலிருந்து. அதிபரின் அலுவலக உதவியாளர். பாதி நேரம் கச்சேரி, பாதி நேரம் விருந்தினர் உபசரிப்பு. பிரான்சின் முன்னாள் பேரரசி யூஜினி வந்தபோது புத்தரின் புனித தந்தத்தைக் காட்ட ஏற்பாடு செய்தது இவர்தான். அதே ஊரில், போகம்பரைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேறும்போது அரசு சார்பில் நின்று பார்க்கும் கடமையும் இவருக்கு. காலையில் அதைப் பார்த்துவிட்டு வருவார். மரண தண்டனை மேல் அவருக்கு இருந்த வெறுப்பு அங்கே வந்தது என்று நான் நினைக்கிறேன்.

கண்டியில் காலனித்துவச் செயலாளர் ஹியூ கிளிஃபோர்டின் கண்ணில் பட்டார். 1908 ஆகஸ்டில், 28 வயதுகூட முடியாமல், அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபர். சேவை மூப்பில் முன்னால் நின்ற பலரைத் தாண்டிக் கிடைத்த பதவி அது.

உப்புக்காற்று:

என் ஊர் பேச்சு வந்துவிட்டது, இனி சும்மா இருக்க முடியாது. நாங்கள் அம்பாந்தோட்டைப் பக்கத்து முஸ்லிம்கள், வீட்டில் தமிழ்தான். வெளியூர்த் தமிழர்களுக்கு அம்பாந்தோட்டை என்றால் துறைமுகமும் யால காடும்தான் தெரியும். வூல்ஃப் காலத்து மாவட்டம் ஏறக்குறைய 1,000 சதுர மைல், ஒரு லட்சம் சனம். மேற்கே கொஞ்சம் மழை கிடைக்கும். கிழக்கே மாகம் பத்து என்ற பிரிவில் திஸ்ஸமகாராமைக் குளத்துத் தண்ணீர் பாயும் இடம் தவிர மற்றதெல்லாம் வறண்ட காடு. மலேரியாவும் பறங்கிப் புண்ணும் இல்லாத வீடு இருந்திருக்காது.

அவர் செய்ததை மூன்றாகப் பிரிக்கலாம்.

உப்பு. எங்கள் உப்பளம் நீங்கள் நினைக்கும் பாத்தி கட்டிய உப்பளம் அல்ல. கடலோரக் களப்புகளில் தண்ணீர் வற்றி உப்பு தானாக விளையும். கடும் வரட்சி வந்தால் நல்ல விளைச்சல். வயலுக்குச் சாபமான வருடம் அரசாங்கத்துக்கு வரம். விளைவது அத்தனையும் அரசுக்குச் சொந்தம், ஒரு பிடி எடுத்தாலும் திருட்டு. மழை வந்தால் ஒரே இரவில் கரைந்துவிடும் என்பதால் நூற்றுக்கணக்கான பேரை இறக்கி அள்ள வேண்டும். வூல்ஃப் இதில் நேரடியாக நின்றார், சேகரிப்பு அவர் காலத்தில் ஏறியது, அதில் அவருக்குப் பெருமை. அள்ளியவர்களின் கால் எப்படி இருந்திருக்கும் என்று உப்பில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும்.

சேனை. காட்டை வெட்டி எரித்து ஓரிரு போகம் குரக்கன் போட்டுவிட்டு வேறு இடம் போவது. காடு முடியரசுக்குச் சொந்தம் என்று சட்டம் சொன்னதால் சேனை வெட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு கச்சேரியில், பரிந்துரை தலைமைக்காரர் கையில். தலைமைக்காரருக்கு உன்னைப் பிடிக்காவிட்டால் அந்த வருடம் உன் வீட்டில் சோறு இல்லை. இந்தப் பிடி எப்படி ஒரு குடும்பத்தை நசுக்கும் என்று பிற்பாடு நாவலில் எழுதியவர் வூல்ஃப்தான். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

அப்புறம் வெக்கை நோய். 1909, 1910இல் மாடும் எருமையும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நோய் பரவாமலிருக்க ஒவ்வொருவரும் மாட்டைக் கட்டி வைக்க வேண்டும், நோய் கண்டதைக் கொல்ல வேண்டும், அலையும் மாட்டைச் சுட வேண்டும் என்று உத்தரவு. வரட்சியில் கட்டிவைத்த மாட்டுக்குப் புல்லுக்கு எங்கே போவது? உயிர்க் கொலைக்கு அஞ்சும் பௌத்த விவசாயி தன் எருமையைத் தானே எப்படிச் சுடுவான்? வூல்ஃப் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தானே ஊர் ஊராகப் போய்ச் சுட்டார். நோயியல்படி அவர் செய்தது சரிதான். அந்தக் காலத்தில் வேறு வழி அதிகம் இல்லை. ஆனால் எருமை போனால் வயலை உழக்க நாதியில்லை. கடமையைச் செய்யாத தலைமைக்காரர்களுக்கும் தண்டனை விழுந்தது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1960இல் வூல்ஃப் இலங்கைக்குத் திரும்பி வந்தார். சுதந்திர இலங்கை அவருக்கு நல்ல வரவேற்புக் கொடுத்தது. அப்போது எண்பது தாண்டிய ஒரு முன்னாள் முதலியார் தேடிப் போய்ப் பார்த்தார். நலம் விசாரித்த கையோடு, வெக்கை நோய்க் காலத்தில் ஒரு தலைமைக்காரரை நீங்கள் தண்டித்தீர்களே, அது நியாயமா ஐயா என்று கேட்டார். ஐம்பது வருடமாக மனதில் வைத்திருந்த கேள்வி. வூல்ஃப், ஆமாம், நியாயம்தான் என்றார்.

மாற்றிச் சொல்லியிருந்தால் எனக்கு அந்த ஆள் மேல் நம்பிக்கை போயிருக்கும்.

ஓய்வுக் குமாஸ்தா:

அருமையாக எழுதினீர்கள் தம்பி. ஒன்றைச் சேர்க்கிறேன். அங்கே அவர் உதவி அதிபர் மட்டுமல்ல, நீதவான் வேலையும் பார்த்தார். உத்தரவு போடுகிறவர், மீறியதைக் கண்டுபிடிக்கிறவர், விசாரித்துத் தண்டிக்கிறவர் எல்லாம் ஒரே ஆள். நாவலாசிரியராக அவருக்குக் கிடைத்த சரக்கு அந்த நீதிமன்ற மேசையிலிருந்துதான் வந்திருக்கும். சொல்லப்போனால் அந்த நாவல் சிங்களத்தில் படமானபோது வெள்ளைக்கார நீதவானாக நடித்தவர் ஆர்தர் சி. கிளார்க். விண்வெளிக் கதைக்காரர்தான், அவரேதான்.

மதுரைக்காரன்:

கதிர்காமம்? அது எங்கள் முருகன் கோயில் ஆயிற்றே.

உப்புக்காற்று:

அங்கேயும் அவர் போயிருக்கிறார். ஆடிவேலுக்குக் காடு வழியாக நடந்து வரும் அடியார்கள் முகாமிட்ட இடத்தில் வாந்திபேதி பரவிய அனுபவம் அரசாங்கத்துக்கு உண்டு. அதனால் திருவிழா முடியும் வரை உதவி அதிபர் நேரில் போய் இருக்க வேண்டும். 1910 ஜூலையில் வூல்ஃப் இருந்தார். மதத்தில் எந்த ஈடுபாடும் இல்லாத மனிதர், சுகாதார மேற்பார்வைக்காகக் காட்டில் உட்கார்ந்து தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரையும் வேடிக்கை பார்த்தார்.

வேடிக்கை என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறார். எங்கெல்பிரெக்ட் என்ற போயர், அதாவது தென்னாப்பிரிக்க டச்சு வம்சாவளிக்காரர். தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கைதியாக வந்தவர். பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் ஊர் திரும்ப விடவில்லை. கடைசியில் அதே பிரிட்டிஷ் அரசாங்கம் அவரை யால சரணாலயக் காவலராக்கியது. முதல் உலகப் போரில் எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்று புரளி கிளம்பி மறுபடியும் சிறை! இவரைப் பற்றித் தனி இழை போட வேண்டும்.

நிலா_சேலம்:

போடுங்கள் அண்ணா, நான் முதல் ஆளாக வருவேன். ஆனால் முதல் கேள்விக்கு வருவோம். கொள்கைக்காக விலகவில்லை என்றால் எதற்காக? வர்ஜீனியாவுக்காகவா?

வல்லைவெளி:

தேதிகளைப் பாருங்கள். 1912 ஜனவரியில் வர்ஜீனியாவிடம் கேட்கிறார், அவர் பிடி கொடுக்கவில்லை. அதற்காகத்தான் நாலு மாத நீட்டிப்பு. மே 20ஆம் தேதியோடு பதவி போகிறது. வர்ஜீனியா சம்மதம் சொன்னது மே 29. கையில் ஒன்றும் இல்லாமலே விலகியிருக்கிறார். ஆகஸ்டில் திருமணம்.

ஆனால் வர்ஜீனியா மறுத்தால் என்ன செய்திருப்பார்? இலங்கைக்கே திரும்பி, பதவி உயர்வு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒதுக்குப்புறமான ஒரு மாவட்டத்தில் ஆயுள் முழுக்க இருந்துவிடலாம் என்று நினைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஏகாதிபத்தியத்தை வெறுத்து ஓடியவர் போடும் திட்டமா இது? அவருக்கு அலுத்துப்போனது கொழும்புச் செயலகமும், கிளப்பும், ஆளுநர் மாளிகை விருந்தும். மாவட்ட வேலை அலுக்கவில்லை. தன் கையில் முழுசாக ஒரு மாவட்டம் இருந்தால் போதும் என்ற ஆசை அது. அந்த ஆசைக்குள் அதிகாரத்தின் ருசி கொஞ்சம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒப்பிட ஒரு ஆள் இருக்கிறார். யாழ்ப்பாணக் கோட்டை மதில் மேலிருந்த பங்களாவில் வூல்ஃபோடு சேர்ந்து குடியிருந்த டாம் சதர்ன். அவர் சேவையிலேயே இருந்தார். ஹாங்காங்கில் காலனித்துவச் செயலாளர், பிறகு காம்பியாவில் ஆளுநர், சர் பட்டம். வூல்ஃபின் அக்கா பெல்லாவைத்தான் கட்டினார். வூல்ஃப் தங்கியிருந்தால் அந்தப் பாதைதான். இன்று சதர்னைப் பற்றி யாராவது இழை திறப்பார்களா?

தென்மராட்சியான்:

அதைத்தான் நானும் சொல்கிறேன். நல்ல நிர்வாகி என்பதற்கு இவர் பக்கம் இருக்கும் சாட்சி எல்லாம் இவரே எழுதியது. சுயசரிதை, நாட்குறிப்பு, நண்பர் ஸ்ட்ராச்சிக்குப் போட்ட கடிதம்.

வல்லைவெளி:

நாட்குறிப்பை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது அவர் இஷ்டத்துக்கு எழுதியது அல்ல. 1808இல் ஆளுநர் மெய்ட்லண்ட் காலத்திலிருந்து ஒவ்வொரு மாவட்ட அதிகாரியும் தினம் செய்ததை எழுதி மேலே அனுப்ப வேண்டும். வூல்ஃப் அதில் மேலதிகாரிகளையே குத்தி எழுதுவார். அப்படியும் நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் விலகிய பிறகு செய்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த கொலைகளுக்கு நீதி கேட்டு டி. பி. ஜயதிலக்கவும் ஈ. டபிள்யூ. பெரேராவும் லண்டன் போனபோது அவர்களுக்குத் துணையாக நின்றவர் வூல்ஃப். பிறகு தொழிற்கட்சியின் ஏகாதிபத்திய விவகார ஆலோசனைக் குழுவுக்கு இருபது ஆண்டுக்கு மேல் செயலாளர். 1938இல் இலங்கை அரசியலமைப்பு பற்றி அந்தக் குழுவுக்கு எழுதிய குறிப்பில், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாகப் பரவலான அதிகாரப் பகிர்வையோ சுவிட்சர்லாந்து மாதிரிச் சமஷ்டியையோ (கூட்டாட்சி) பரிசீலிக்க வேண்டும் என்றார். சமஷ்டி கேட்ட தமிழரசுக் கட்சியே பிறந்தது 1949இல்தான்.

தென்மராட்சியான்:

சமஷ்டிக்கு வூல்ஃபைத் தந்தையாக்க வேண்டாம். 1926இல், பின்னாளில் பிரதமரான பண்டாரநாயக்காவே அதைப் பேசினார். அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கு வந்த டொனமூர் ஆணைக்குழுவிடம் கண்டிச் சிங்களவர்கள் கேட்டார்கள்: கண்டிக்கு ஒன்று, கரையோரத்துக்கு ஒன்று, வடக்கு கிழக்குக்கு ஒன்று.

வல்லைவெளி:

தந்தை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று பிரிவையும் அவர் வேலை பார்த்த ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை. மூன்றிலும் கச்சேரியில் உட்கார்ந்து மனு வாங்கியிருக்கிறார். தமிழும் சிங்களமும் படித்து சேவைப் பரீட்சை எழுதியிருக்கிறார். கொழும்பிலிருந்து ஒரே அச்சில் நாட்டைப் பார்த்தவர்களுக்கு வராத யோசனை அவருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. அந்த ஆறரை ஆண்டில் எனக்கு உருப்படியாகத் தெரியும் விளைவு இந்தக் குறிப்புதான். உப்புக் கணக்கு அதற்கு அப்புறம்தான்.

தென்மராட்சியான்:

குறிப்பை அன்று யாரும் சட்டை செய்யவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1947இல் வந்தது ஒற்றையாட்சி.

ஓய்வுக் குமாஸ்தா:

நல்ல நிர்வாகியா என்று தெரிய ஒரே வழிதான் இருக்கிறது. அம்பாந்தோட்டையில் அவருக்கு முன்னும் பின்னும் இருந்த உதவி அதிபர்களின் நாட்குறிப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். அவர்கள் நாவல் எழுதவில்லை, அதனால் யாரும் அச்சிடவும் இல்லை. கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்தில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உப்புச் சேகரிப்பு, சேனைச் சீட்டு எண்ணிக்கை, தலைமைக்காரர்களுக்குப் போட்ட அபராதம், இந்த மூன்றையும் ஒரு பத்து வருடத்துக்குக் குறித்தாலே போதும்.

உப்புக்காற்று:

அடுத்த மாதம் கொழும்புக்கு வேலை இருக்கிறது ஐயா, போய்க் கேட்கிறேன். அபராதக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பேன்.